யாருடைய மாத்திரை?

போன எபிசோடுல தாலிடோமைடு பத்திப் பேசினப்போ, "மருந்தால பாதிக்கப்பட்டவங்க கேஸ் போட்டா ஜெயிக்க முடியுமா?"ன்னு கேட்டிருந்தீங்க. அதுக்கு அமெரிக்காவுல நடந்த டிஇஎஸ் வழக்குகளைத்தான் சொல்லணும்.

டிஇஎஸ் ஒரு செயற்கை ஈஸ்ட்ரோஜன். 1938ல இங்கிலாந்தில் சார்ல்ஸ் டாட்ஸ் குழு உருவாக்கினது. காப்புரிமை வாங்கல. அதனால யார் வேணும்னாலும் தயாரிக்கலாம். சுமார் 200 கம்பெனிகள் தயாரிச்சாங்க. கருச்சிதைவைத் தடுக்கும்னு கர்ப்பிணிகளுக்கு எழுதிக் கொடுத்தாங்க. அதுல பலனே இல்லைன்னு 1953லயே சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு சொன்னது. விற்பனை நிக்கல.

1971ல பாஸ்டன் டாக்டர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. பிறப்புறுப்பில் அரிய வகைப் புற்றுநோய் வந்த 8 இளம்பெண்கள். அதில் 7 பேரோட அம்மாக்கள் கர்ப்பகாலத்தில் டிஇஎஸ் சாப்பிட்டவங்க.

மகள்கள் கோர்ட்டுக்குப் போனாங்க. முதல் கேள்வியே, "உங்க அம்மா சாப்பிட்டது எந்தக் கம்பெனி மாத்திரை?" இருபது வருஷத்துக்கு முந்தின மருந்துச் சீட்டை யார் வச்சிருப்பா? எங்க வேலையில சொல்லணும்னா, 200 சர்வர், ஒரே கோடு, லாக் எல்லாம் அழிஞ்சாச்சு. எது சொதப்புச்சுன்னு எப்படிக் காட்டுறது?

1980ல சிண்டெல் வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 4க்கு 3ன்னு ஒரு புது வழி சொன்னது. சந்தையின் கணிசமான பங்கை வச்சிருந்த கம்பெனிகள் மேல கேஸ் போடுங்க. அவங்கவங்க பங்குக்கு ஏத்தபடி நஷ்டஈடு கட்டட்டும். 'இது எங்க மாத்திரை இல்லை'ன்னு நிரூபிச்சா மட்டும் விலகிக்கலாம்.

செய்யாத தப்புக்கு ஒரு கம்பெனி பணம் கட்ட நேரலாமேன்னு எனக்கும் முதல்ல உறுத்துச்சு. ஆனா ஆதாரம் தொலைஞ்சது அந்தப் பொண்ணுங்க தப்பில்லையே. மருந்தோட தன்மையே அது, தலைமுறை தாண்டித்தான் வெளிய தெரியும்.

நியூயார்க்ல இன்னொரு சிக்கல். கெடுவை மருந்து உடம்புக்குள்ள போன காலத்திலிருந்து கணக்குப் பண்ணினாங்க. நோய் தெரியுறதுக்கு முன்னாடியே பலருக்கு வழக்குப் போடுற உரிமை காலாவதி! 1986ல சட்டமன்றம் அதை மாத்தி, பழைய வழக்குகளுக்கு ஒரு வருஷம் கதவைத் திறந்துவிட்டது. 1989ல அங்க உயர்ந்த நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேல போச்சு. கர்ப்பிணிகளுக்குன்னு டிஇஎஸ் வித்த கம்பெனி, 'இது எங்க மாத்திரை இல்லை'ன்னு காட்டினாலும் தப்பிக்க முடியாது.

ஆனா இல்லினாய்ஸ் உச்ச நீதிமன்றம் 1990ல சந்தைப் பங்கு வழியையே ஏத்துக்கல. அதே மருந்து, அதே நோய். மாநிலம்தான் வேற.