ஆஸ்திரேலியப் பள்ளிகளுக்கான அரசு நிதியுதவி

ஆஸ்திரேலியப் பள்ளிகளுக்கான அரசு நிதியுதவி என்பது ஆஸ்திரேலியாவில் அரசுப் பள்ளிகளுக்கும் தனியார் பள்ளிகளுக்கும் நடுவண் அரசும் மாநில, ஆட்பகுதி அரசுகளும் பொதுப்பணத்திலிருந்து வழங்கும் நிதியைக் குறிக்கும். கட்டணம் வசூலிக்கும் தனியார் பள்ளிகளுக்கும் அரசு பெருமளவில் நிதி வழங்குவது இந்நாட்டுக் கல்வி முறையின் சிறப்பியல்பு ஆகும். 2023 ஆம் ஆண்டில் மாணவர்களில் சுமார் 64 விழுக்காட்டினர் அரசுப் பள்ளிகளிலும், சுமார் 20 விழுக்காட்டினர் கத்தோலிக்கப் பள்ளிகளிலும், சுமார் 16 விழுக்காட்டினர் பிற தனியார் பள்ளிகளிலும் பயின்றனர். பிற தனியார் பள்ளிகள் 'சுயாதீனப் பள்ளிகள்' எனப்படுகின்றன.

பொருளடக்கம்
1 வரலாறு
2 நிதி கணக்கிடப்படும் முறை
3 ஒப்பீடு
4 விவாதங்கள்
5 2025 முதலான உடன்பாடு

வரலாறு

19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்திரேலியக் குடியேற்றங்கள் கட்டாய, மதச்சார்பற்ற கல்விக்கான சட்டங்களை இயற்றின. விக்டோரியாவில் 1872 ஆம் ஆண்டிலும் நியூ சவுத் வேல்சில் 1880 ஆம் ஆண்டிலும் இச்சட்டங்கள் நிறைவேறின. இவற்றைத் தொடர்ந்து திருச்சபைப் பள்ளிகளுக்கான அரசு உதவி நிறுத்தப்பட்டது. கத்தோலிக்கப் பள்ளிகள் மிகக் குறைந்த செலவில் பணியாற்றிய அருட்சகோதரிகள், அருட்சகோதரர்களின் உழைப்பால் நிலைத்து நின்றன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மாணவர் எண்ணிக்கை பெருகியதால் இப்பள்ளிகள் நெருக்கடிக்கு உள்ளாயின. 1962 ஆம் ஆண்டு சூலை மாதத்தில் நியூ சவுத் வேல்சின் கோல்பர்ன் நகரில் நடந்த நிகழ்வு இந்நெருக்கடியை நாடறியச் செய்தது. அங்குள்ள ஒரு கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியில் கூடுதல் கழிப்பறைகள் கட்ட வேண்டும் என அதிகாரிகள் வலியுறுத்தினர். அதற்குப் பணமில்லாத நிலையில், நகரின் கத்தோலிக்கப் பள்ளிகள் அனைத்தும் மூடப்பட்டு, சுமார் 2000 மாணவர்கள் அரசுப் பள்ளிகளில் சேர அனுப்பப்பட்டனர். அவர்களுள் சுமார் 640 பேருக்கு மட்டுமே இடம் கிடைத்தது. ஒரு வாரத்தில் போராட்டம் முடிவுற்றது. எனினும், தனியார் பள்ளிகள் மூடப்பட்டால் அம்மாணவர்களின் முழுச் செலவும் அரசின் மீதே விழும் என்பது இதனால் வெளிப்பட்டது.

1963 தேர்தலின்போது பிரதமர் ராபர்ட் மென்சீஸ், அரசுப் பள்ளிகள், தனியார் பள்ளிகள் ஆகிய இரண்டிலும் அறிவியல் ஆய்வுகூடங்கள் அமைக்க நிதி தருவதாக அறிவித்தார். 1970 முதல் தனியார் பள்ளிகளுக்கு மாணவர் எண்ணிக்கையின்படி நடைமுறைச் செலவுக்கான நிதியும் வழங்கப்பட்டது. அப்போது தொடக்கப் பள்ளி மாணவர் ஒருவருக்கு 35 டாலரும் இடைநிலைப் பள்ளி மாணவர் ஒருவருக்கு 50 டாலரும் அளிக்கப்பட்டன. கஃப் விட்லம் அரசு நியமித்த பீட்டர் கார்மெல் குழு 1973 இல் அளித்த அறிக்கை, பள்ளியின் தேவையைப் பொறுத்து நிதி அமைய வேண்டும் எனப் பரிந்துரைத்தது.

மதம் சார்ந்த பள்ளிகளுக்கு நிதியளிப்பது அரசியலமைப்பின் 116 ஆம் பிரிவுக்கு முரணானது எனத் தொடரப்பட்ட வழக்கை 1981 இல் உயர் நீதிமன்றம் 6-க்கு 1 என்ற பெரும்பான்மையில் தள்ளுபடி செய்தது. நீதிபதி லயனல் மர்பி மட்டும் மாறுபட்ட தீர்ப்பு அளித்தார். இத்தீர்ப்புக்குப் பின், நிதி அளிக்கலாமா என்ற கேள்வி நீங்கி, எவ்வளவு அளிப்பது என்பதே விவாதமாயிற்று.

2001 இல் ஜான் ஹவார்ட் அரசு, மாணவர்கள் வசிக்கும் பகுதியின் சமூக, பொருளாதார நிலையைக் கொண்டு தனியார் பள்ளிகளுக்கான நிதியைக் கணக்கிடும் முறையைக் கொண்டுவந்தது. ஏழ்மையான பகுதியில் வாழும் செல்வந்தரின் பிள்ளையும் ஏழையாகவே கணக்கிடப்படுவது இதன் குறைபாடாகச் சுட்டப்பட்டது. புதிய முறையில் நிதி குறையவேண்டிய பள்ளிகளுக்குப் பழைய அளவே காக்கப்பட்டதும் குறை கூறப்பட்டது.

நிதி கணக்கிடப்படும் முறை

தற்போதைய முறை டேவிட் கோன்ஸ்கி தலைமையிலான குழு 2011 இல் அளித்த அறிக்கையை அடிப்படையாகக் கொண்டது. 2013 ஆம் ஆண்டின் ஆஸ்திரேலியக் கல்விச் சட்டத்தின் வழியாக இது 2014 முதல் நடைமுறைக்கு வந்தது.

இம்முறையின் மையம் 'பள்ளி வளத் தரம்' எனப்படும் அளவீடு ஆகும். ஒரு மாணவரின் கல்விக்கு எவ்வளவு பொதுப்பணம் தேவை என்ற மதிப்பீடே இது. இதில் இரண்டு பகுதிகள் உள்ளன.

* அடிப்படைத் தொகை: 2024 இல் இது தொடக்கப் பள்ளி மாணவருக்கு 13,570 டாலராகவும் இடைநிலைப் பள்ளி மாணவருக்கு 17,053 டாலராகவும் இருந்தது.
* கூடுதல் தொகைகள்: மாற்றுத்திறன், பழங்குடிப் பின்னணி, சமூகக் கல்விப் பின்தங்கல், ஆங்கிலத் திறன் குறைவு, பள்ளியின் சிறிய அளவு, தொலைவான அமைவிடம் என ஆறு காரணங்களுக்காக வழங்கப்படுபவை.

அரசுப் பள்ளிகளுக்கு அடிப்படைத் தொகை முழுமையாகக் கணக்கிடப்படுகிறது. பெரும்பாலான தனியார் பள்ளிகளுக்கு, பெற்றோரின் பொருளாதார வலிமையைப் பொறுத்து 10 முதல் 80 விழுக்காடு வரை இத்தொகை குறைக்கப்படுகிறது. கூடுதல் தொகைகள் இவ்வாறு குறைக்கப்படுவதில்லை. 2020 முதல் வசிப்பிடத்துக்குப் பதிலாகப் பெற்றோரின் வருமானமே நேரடியாகக் கருத்தில் கொள்ளப்படுகிறது. இலாப நோக்குடைய பள்ளிகள் நடுவண் அரசின் நிதியைப் பெற இயலாது.

கத்தோலிக்கப் பள்ளிகளுக்கான நிதி பெரும்பாலும் அவற்றின் கூட்டமைப்பிடம் மொத்தமாக வழங்கப்படுகிறது. கூட்டமைப்பு அதனைத் தன் பள்ளிகளுக்குத் தானே பகிர்ந்தளிக்கிறது.

ஒப்பீடு

பள்ளிக் கல்வி மாநிலங்களின் பொறுப்பாகும். நடுவண் அரசு அரசியலமைப்பின் 96 ஆம் பிரிவின்கீழ் மாநிலங்களின் வழியாக மானியம் அளிக்கிறது. 2017 இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, நடுவண் அரசின் பங்கு அரசுப் பள்ளிகளுக்குத் தரத்தின் 20 விழுக்காடாகவும் தனியார் பள்ளிகளுக்கு 80 விழுக்காடாகவும் நிர்ணயிக்கப்பட்டது. எஞ்சிய பகுதியை மாநிலங்கள் ஏற்கின்றன. எனவே, நடுவண் அரசின் தொகையை மட்டும் ஒப்பிட்டால் தனியார் பள்ளிகளே மிகுந்த நிதி பெறுவதாகத் தோன்றும். மாநில அரசின் தொகையை மட்டும் நோக்கினால் இதற்கு மாறான தோற்றம் கிடைக்கும். இரண்டையும் கூட்டி ஒப்பிடுவதே பொருத்தமானது.

எடுத்துக்காட்டாக, கூடுதல் தொகை எதுவும் பெறாத இடைநிலை மாணவர் ஒருவரைக் கருதலாம் (2024 இன் தொகைப்படி).

* அரசுப் பள்ளி: முழுத் தரம் 17,053 டாலர். நடுவண் அரசின் பங்கு சுமார் 3,411 டாலர். மாநிலம் 75 விழுக்காடு அளித்தால் அது சுமார் 12,790 டாலர். மொத்தம் சுமார் 16,200 டாலர். தரத்தைவிடச் சுமார் 853 டாலர் குறைவு.
* குறைந்த வருமானக் குடும்பங்களின் தனியார் பள்ளி (10 விழுக்காடு குறைப்பு): தரம் சுமார் 15,348 டாலர். நடுவண் அரசின் பங்கு சுமார் 12,278 டாலர்.
* உயர் வருமானக் குடும்பங்களின் தனியார் பள்ளி (80 விழுக்காடு குறைப்பு): தரம் சுமார் 3,411 டாலர். நடுவண் அரசின் பங்கு சுமார் 2,728 டாலர்.

முதலாவது பள்ளியில் 1000 மாணவர்கள் இருப்பின் ஆண்டுக்கு எட்டரை இலட்சம் டாலருக்கும் மேற்பட்ட பற்றாக்குறை ஏற்படும். தனியார் பள்ளிகளின் கணக்கில் பெற்றோர் செலுத்தும் கட்டணம் இதில் சேர்க்கப்படவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

விவாதங்கள்

தனியார் பள்ளிகளுக்கான நிதியை ஆதரிப்போர், அப்பெற்றோரும் வரி செலுத்துவோரே என்றும், பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்றும், அம்மாணவர்கள் அரசுப் பள்ளிக்கு மாறினால் அரசின் செலவு மேலும் உயரும் என்றும் வாதிடுகின்றனர்.

எதிர்ப்போர், அரசுப் பள்ளிகள் எல்லா மாணவர்களையும் ஏற்கும் கடமை உடையவை என்றும், தனியார் பள்ளிகள் மாணவர்களைத் தேர்ந்தெடுக்கவும் கட்டணம் பெறவும் இயலும் என்றும் சுட்டுகின்றனர். பின்தங்கிய மாணவர்கள் அரசுப் பள்ளிகளிலேயே மிகுதியாக உள்ளதால் அவற்றின் பற்றாக்குறை அவர்களையே தாக்குகிறது என்பது இவர்களின் முதன்மையான வாதம். மாநிலங்கள் தம் பங்கில் 4 விழுக்காடு வரை தேய்மானம் போன்ற செலவுகளைக் கணக்குக் காட்ட அனுமதிக்கப்பட்டதும் கண்டனத்துக்கு உள்ளானது.

2025 முதலான உடன்பாடு

ஆஸ்திரேலியத் தலைநகர ஆட்பகுதி நீங்கலாகப் பிற மாநில, ஆட்பகுதிகளின் அரசுப் பள்ளிகள் 2024 வரை முழுத் தரத்தை எட்டவில்லை. இதனைச் சரிசெய்ய, 2025 முதல் 2034 வரையிலான புதிய உடன்பாடு உருவானது. இதன்படி அரசுப் பள்ளிகளுக்கான நடுவண் அரசின் பங்கு படிப்படியாக 25 விழுக்காடாக உயரும். வட ஆட்பகுதிக்கு இது 40 விழுக்காடு ஆகும். 2025 மார்ச்சில் குயின்சுலாந்து இணைந்ததுடன் எல்லா மாநிலங்களும் ஆட்பகுதிகளும் இவ்வேற்பாட்டுக்குள் வந்தன. முழு நிதி 2034 க்குள் படிப்படியாகவே எட்டப்படும் என்பதால், 2025 இல் முதல் வகுப்பில் சேர்ந்த மாணவர் பள்ளிப் படிப்பின் பெரும்பகுதியை முடித்த பின்னரே சில மாநிலங்களில் இந்த இலக்கு நிறைவேறும்.

இவற்றையும் பார்க்க

* ஆஸ்திரேலியாவில் கல்வி
* அரசு உதவி பெறும் பள்ளி
* மதச்சார்பின்மை