மழைக்காலத்தில் நிறுத்தி வைக்கப்படும் பழைய கார்கள்: பெங்களூரு உரிமையாளர்கள் அறிய வேண்டியவை

பெங்களூரு: பழைய கார்களை நீண்ட நாள் நிறுத்தி வைப்பது குறித்து ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்ட கையேடுகள் பெரும்பாலும் குளிர்காலத்தையே எதிரியாகக் கொள்கின்றன. அங்கு இலையுதிர் காலத்தில் கொட்டகைக்குள் செல்லும் கார், வசந்தத்தில்தான் வெளியே வரும். உறைபனியும், பனியைக் கரைக்கச் சாலையில் தூவப்படும் உப்பும்தான் அங்குள்ள கவலைகள். பெங்களூருவில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி செல்சியஸ். அதுவும் 1884-ஆம் ஆண்டு ஜனவரி 13 அன்று. ரேடியேட்டரில் நீர் உறைந்து என்ஜின் விரிசல் விடும் என்ற அச்சம் இந்நகரில் எவருக்கும் தேவையில்லை.

இங்கு பழைய கார் ஓய்வுக்குச் செல்வது மழையை முன்னிட்டே. மே மாதக் கோடை மழையில் தொடங்கி, ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அதன் வால் மறைவதற்குள் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை என ஆண்டில் ஏறத்தாழ பாதி நாள்கள் ஈரத்திலேயே கழிகின்றன. சராசரிக் கணக்கில் செப்டம்பர்தான் அதிக மழை பெறும் மாதம். ஆகவே மேலை நாட்டுக் கையேட்டை அப்படியே பின்பற்றுவோர், வராத உறைபனிக்கு அரண் அமைத்துவிட்டு, வீட்டு வாசலில் நிற்கும் ஈரப்பதத்தைக் கோட்டைவிடுகின்றனர்.

இதில் இழப்பு சிறியதன்று. அம்பாசிடர் காரின் உற்பத்தி மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 2014 மே மாதத்துடன் நின்றது. மும்பையில் தயாரான பிரீமியர் பத்மினி அதற்கு முன்பே, 2000-ஆம் ஆண்டை ஒட்டி, விடைபெற்றது. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார்களைத் தயாரித்த சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனமோ 1980-களின் இறுதியிலேயே உற்பத்தியை நிறுத்திவிட்டது. பெங்களூரு ஜே.சி. சாலைக் கடைகளிலும் சிவாஜிநகரின் பழைய உதிரிபாகச் சந்தையிலும் தேடினால் ஒரு பிரேக் சிலிண்டரோ விளக்குக் கண்ணாடியோ கிடைக்கக்கூடும். துருப்பிடித்து ஓட்டை விழுந்த அடித்தகடு எந்தக் கடையிலும் தொங்கவிடப்பட்டிருப்பதில்லை. அதைத் தகரம் வெட்டி, பற்றவைத்து, புதிதாக உருவாக்கத்தான் வேண்டும். தந்தை வாங்கிய காரை விற்க மனமின்றி வைத்திருக்கும் பல நடுத்தரக் குடும்பங்களுக்கு அந்தச் செலவு, காரின் சந்தை மதிப்பையே தாண்டிவிடும்.

முதலில் இடம்

2022 செப்டம்பர் தொடக்கத்தில் ஓரிரவில் ஏறத்தாழ 130 மி.மீ. மழை கொட்டியபோது, பெல்லந்தூர், வெளிவட்டச் சாலைப் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. படகுகளிலும் டிராக்டர்களிலும் மக்கள் மீட்கப்பட்டனர். விலையுயர்ந்த புதிய கார்களும் நீரில் மூழ்கின. அந்த அனுபவத்துக்குப் பின்னரும் அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தள வாகன நிறுத்தமே பாதுகாப்பானது என்ற எண்ணம் நீடிக்கிறது. வெயிலும் தூசியும் அங்கு குறைவு என்பது உண்மை. ஆனால், அருகில் ராஜகால்வாயோ ஏரியோ இருந்தால், நிறுத்தி வைக்கப்பட்ட காருக்கு அதைவிட மோசமான இடம் வேறில்லை. வெள்ளம் வரும் இரவில் பேட்டரி கழற்றப்பட்ட காரை எவராலும் உடனே மேலே ஏற்ற முடியாது.

தரைமட்டத்திலோ அதற்கு மேலோ, கூரையுடன் கூடிய, காற்றோட்டமுள்ள, சிமென்ட் தளம் கொண்ட இடமே ஏற்றது. மண் தரையும் புல்தரையும் இரவு முழுவதும் ஈரத்தை மேல்நோக்கி விட்டுக்கொண்டே இருக்கும். அது நேராக அடித்தகட்டில் படியும். வேறு இடமே இல்லை என்றால், தரையில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு அதன் மீது காரை நிறுத்தலாம்.

காரின் மேல் எதைப் போர்த்துவது என்பதில்தான் பெரும்பாலானோர் தவறுகின்றனர். தார்ப்பாய் மழையைத் தடுக்கும். உள்ளிருக்கும் ஈரத்தையும் வெளியே விடாது. காலை வெயிலில் சூடேறி, இரவில் குளிர்ந்து, தார்ப்பாயின் உட்புறத்தில் திரளும் நீர்த்துளிகள் பெயின்ட்டின் மீதே சொட்டும். கூரைக்குக் கீழே நிற்கும் காருக்குக் காற்று புகும் பருத்தித் துணி உறை போதும்.

எத்தனால் கலந்த பெட்ரோல்

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனையைப் பிரதமர் நரேந்திர மோடி தொடங்கிவைத்தது 2023 பிப்ரவரி 6 அன்று, இதே பெங்களூருவில் நடைபெற்ற இந்திய எரிசக்தி வார விழாவில்தான். இன்று நாட்டின் பெரும்பாலான பெட்ரோல் நிலையங்களில் கிடைப்பது இந்தக் கலவையே. அம்பாசிடரும் பத்மினியும் வடிவமைக்கப்பட்ட காலத்தில் இது எவருடைய கற்பனையிலும் இல்லை.

எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் தன்மை கொண்டது. பழைய கார்களின் பெட்ரோல் டேங்க் மூடிகள் வெளிக்காற்று வந்து செல்லும் வகையில் அமைந்தவை. மழைக்கால ஈரக்காற்று உள்ளே வந்து செல்லச் செல்ல, எத்தனால் நீரைச் சேர்த்துக்கொள்கிறது. ஓரளவுக்கு மேல் நீர் சேர்ந்ததும் எத்தனாலும் நீரும் ஒன்றாகப் பெட்ரோலில் இருந்து பிரிந்து, டேங்கின் அடியில் தனி அடுக்காகத் தங்கிவிடும். என்ஜினுக்குப் பெட்ரோலை உறிஞ்சும் குழாய் இருப்பதும் அதே அடிப்பகுதியில்தான். மாதக்கணக்கில் நின்ற கார் புறப்பட மறுப்பதற்கும், டேங்க் உள்ளிருந்தே துருப்பிடிப்பதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். இது தவிர, பழைய ரப்பர் குழாய்களையும் கார்க் கேஸ்கட்டுகளையும் எத்தனால் நாளடைவில் பதமிழக்கச் செய்யும். டேங்கில் பல ஆண்டுகளாகப் படிந்த கசடையும் அது கரைத்துக் கிளப்பிவிடுவதால் பில்டரும் கார்புரேட்டரும் அடைபடும்.

டேங்கை விளிம்பு வரை நிரப்பிவிட்டுக் காரை நிறுத்த வேண்டும் என்பது பழைய அறிவுரை. காற்றுக்கு இடமில்லாவிட்டால் ஈரத்துக்கும் இடமில்லை என்பது அதன் கணக்கு. எத்தனால் இல்லாத காலத்தில் அது முற்றிலும் சரி. இன்றும் ஓரிரு மாத ஓய்வுக்கு, புதிதாக வாங்கிய பெட்ரோலால் நிரப்பி, எரிபொருள் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் திரவத்தைச் சேர்த்து, அது கார்புரேட்டர் வரை சென்றடையச் சிறிது தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தினால் போதுமானது. ஜூன் முதல் நவம்பர் வரை கார் அசையப் போவதில்லை என்றால், டேங்கை வடித்துவிடுவதே நல்லது. வடித்த பின், கார்புரேட்டரில் மிஞ்சியதும் தீர்ந்து என்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிட வேண்டும். இல்லையெனில் மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் ஆவியாகி, பிசின் போன்ற படிவம் நுண்துளைகளை அடைத்துவிடும். காலி டேங்கின் உட்சுவரில் சிறிதளவு ஆயில் படியச் செய்வதும் அவசியம். வடித்த பெட்ரோலை வீட்டுக்குள் சேமித்து வைப்பது ஆபத்து. வடிகட்டி, அன்றாடம் ஓட்டும் வண்டியில் ஊற்றித் தீர்த்துவிடலாம்.

வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்யலாமா?

நிற்கும் காரை ஞாயிற்றுக்கிழமை தோறும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது நம் ஊர்களில் பரவலான வழக்கம். நல்லெண்ணத்தில் செய்யப்படும் இச்செயல் காருக்குத் தீங்கையே விளைவிக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது உருவாகும் நீராவியைக் குளிரவைத்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். என்ஜின் முழுச் சூட்டை எட்டினால் இந்த நீராவி வெளியேறிவிடும். ஐந்து நிமிடத்தில் அந்தச் சூடு வருவதில்லை. சைலன்சருக்குள்ளும் என்ஜின் ஆயிலுக்குள்ளும் நீர் தங்கி, சைலன்சர் உள்ளிருந்தே அரிக்கப்படுகிறது. பேட்டரியும் ஸ்டார்ட் செய்ய இழந்த மின்சாரத்தை அந்த ஐந்து நிமிடத்தில் முழுமையாகத் திரும்பப் பெறுவதில்லை.

மழையில்லாத ஒரு நாளில் அரை மணி நேரம் சாலையில் ஓட்ட முடியுமானால் ஸ்டார்ட் செய்யலாம். முடியாவிட்டால் தொடாமல் விடுவதே மேல்.

அப்படித் தொடாமல் விடுவதற்கும் ஆயத்தம் தேவை. பயன்படுத்தப்பட்ட என்ஜின் ஆயிலில் அமிலமும் ஈரமும் கலந்திருக்கும் என்பதால், ஓய்வு முடிந்த பின் மாற்றலாம் என ஒத்திப்போடாமல், நிறுத்துவதற்கு முன்பே புதிய ஆயில் ஊற்றிச் சற்று ஓட்டிவிட வேண்டும். பின்னர் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு, என்ஜினைக் கையால் சில சுற்றுகள் சுழற்றலாம். அந்தக் காலத்து ஹேண்டில் இன்னும் டிக்கியில் கிடந்தால் இதற்கு அதுவே சரியான கருவி. ரேடியேட்டரில் வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். கூலன்ட் இங்கு உறைபனியைத் தடுக்கவன்று, துருவைத் தடுக்கவே தேவைப்படுகிறது.

பிரேக், பேட்டரி, டயர்

ஹேண்ட்பிரேக் போட்டபடி மழைக்காலம் முழுவதும் நின்ற காரில் பிரேக் ஷூ டிரம்முடன் ஒட்டிக்கொள்ளும். பின்னர் சுத்தியலால் தட்டித்தான் விடுவிக்க வேண்டியிருக்கும். ஹேண்ட்பிரேக்கை விடுவித்துவிட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைப்பதே முறை. கிளட்ச் தட்டும் இவ்வாறே ஒட்டக்கூடியது. என்ஜினை இயக்காமல், இரு வாரங்களுக்கு ஒருமுறை கிளட்ச் பெடலைச் சில தடவை மிதித்துவிட்டால் அந்தத் தொல்லை இராது. பிரேக் ஆயிலும் எத்தனாலைப் போலவே ஈரத்தை உறிஞ்சும். அதைக் கடைசியாக மாற்றி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தால், நிறுத்துவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.

பேட்டரியை முழுமையாக சார்ஜ் செய்து, கழற்றி, உலர்ந்த இடத்தில் வைத்து, மாதம் ஒருமுறை மீண்டும் சார்ஜ் செய்யலாம். 12 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் 12.6 வோல்ட் அளவில் இருக்கும், 12.4-க்குக் கீழே இறங்கவிட்டு நெடுநாள் வைத்திருந்தால் அதன் தகடுகள் சல்பேட் படிந்து பயனற்றுப்போகும். கழற்றும்போது எர்த் இணைப்பை முதலில் எடுப்பது விதி. பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனையே எர்த்தாக இருக்கும் என்பதால், வண்ணத்தைப் பார்த்துக் கைவைக்காமல், எந்தக் கம்பி பாடியுடன் இணைந்துள்ளது என்பதைப் பார்த்துக் கழற்ற வேண்டும்.

டயர்களில் வழக்கத்தைவிடச் சிறிது கூடுதலாகக் காற்று நிரப்பி, மாதம் ஒருமுறை காரை அரைச் சுற்று நகர்த்தினால் ஒரே இடம் தட்டையாவது குறையும்.

எலிகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மழையில் வளை நனைந்த எலிக்கும் பெருச்சாளிக்கும், ஆளரவமற்ற என்ஜின் அறை நல்ல அடைக்கலம். வயர்களின் மேலுறையும் இருக்கைப் பஞ்சும் அவற்றுக்கு வேண்டிய பொருள்கள். புகையிலையும் நாப்தலீன் உருண்டையும் வைப்பது வழக்கம். மணம் அடங்கியதும் அவற்றின் பயன் குறைந்துவிடும். சைலன்சர் வாயையும் ஏர் பில்டர் வாயையும் கம்பி வலையால் மூடுவது நிலையான தடுப்பு. மூடியதை மறந்துவிடாதிருக்க ஸ்டீயரிங்கில் ஒரு சீட்டு எழுதிக் கட்டிவிடலாம். உள்ளே சாப்பாட்டுத் துணுக்குகள் இல்லாதபடி துடைத்து, ஈரமான மேட்களை வெளியே எடுத்து, ஜன்னல் கண்ணாடியை ஒரு விரற்கடை மட்டும் இறக்கி, அந்த இடைவெளியையும் வலையால் மறைத்தால் இருக்கைகளில் பூஞ்சை பிடிக்காது.

ஆவணங்களும் காலாவதியாகும்

கார் நின்றாலும் அதன் ஆவணங்களின் காலம் நிற்பதில்லை. தனியார் காரின் முதல் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்த நாள் மழைக்கால ஓய்வின் நடுவே வந்தால், வாகனத்தைச் சோதனைக்குக் கொண்டு செல்ல முடியாமல் போகும் என்பதால் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. காப்பீடு காலாவதியாகி 90 நாள்களுக்குள் புதுப்பிக்காவிட்டால், இழப்பீடு கோராததற்கான சலுகை பறிபோகும். வெள்ளச் சேதத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு உதவாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஐம்பது ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு வேறு வழியும் உண்டு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் வெளியிட்ட விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் நிறைந்த, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத வாகனங்களை ‘விண்டேஜ்’ பிரிவில் பதியலாம். புதிதாகப் பதிவாகும் வாகனங்களின் பதிவெண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகள் இடம்பெறும். மறுபதிவுக் கட்டணம் 5,000 ரூபாய். சான்று பத்தாண்டுகளுக்குச் செல்லும். பதிலுக்கு, அந்த வாகனத்தை அன்றாடப் பயணத்துக்கோ வணிகத்துக்கோ பயன்படுத்தக் கூடாது. கண்காட்சி, பேரணி, ஆய்வு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்காக மட்டுமே சாலைக்கு வரலாம். ஞாயிறுதோறும் குடும்பத்துடன் காரில் செல்ல விரும்புவோர் இந்தப் பிரிவுக்கு மாறுமுன் இருமுறை யோசிப்பது நலம்.

மழை ஓய்ந்து டிசம்பரில் காரை வெளியே எடுக்கும்போது அவசரம் கூடாது. வலைகளையும் சீட்டையும் அகற்றி, குழாய்களில் கசிவும் வயர்களில் கடித்த தடமும் உள்ளனவா எனப் பார்த்து, சில லிட்டர் புதிய பெட்ரோல் ஊற்ற வேண்டும். ஸ்பார்க் பிளக்குகள் இல்லாமல் என்ஜினைக் கையால் சுழற்றி, அது தடையின்றிச் சுழல்வதை உறுதி செய்த பின்னரே ஸ்டார்ட்டரைத் தொடலாம். வெள்ளத்தில் நனைந்த காராக இருந்தால், ஸ்டார்ட் செய்யவே முயலாமல் மெக்கானிக்கை வரவழைக்க வேண்டும். சிலிண்டருக்குள் நீர் இருக்கையில் என்ஜினைச் சுழற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முதல் சில நிமிடங்கள் புகை அதிகமாக வரும். அது சிலிண்டருக்குள் விட்ட ஆயில் எரிவதால் வருவது. பிரேக் பெடல் கீழே அமிழாமல் நிற்கிறதா என நின்ற இடத்திலேயே மிதித்துப் பார்த்து, தெருவுக்குள் மெதுவாக இருமுறை நிறுத்திச் சோதித்த பிறகு பிரதான சாலைக்குச் செல்லலாம்.