நாற்பது மணி நேரக் கணக்கு

பஸ் போர்டைப் படிக்காமல், நம்பரின் உருவத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு ஏறுகிற பெண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்க அப்பத்தா அப்படித்தான். 'அ' எது 'ஆ' எது என்று தெரியாது. ஆனால் அவர் போகவேண்டிய பஸ் தூரத்தில் வரும்போதே எழுந்து நின்றுவிடுவார். இந்திய கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு, அதாவது எல்லோரும் சொல்லும் சிஎஸ்ஆர், எப்படி வளர்ந்தது என்று குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது அப்பத்தா ஞாபகம் வந்தது. ஐடி கம்பெனிக்கும் அப்பத்தாவுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது.

டிசிஎஸ் என்ற பெயரில் நடுவில் இருக்கும் எழுத்து 'கன்சல்டன்சி'. 1968இல் தொடங்கிய ஆலோசனை நிறுவனம். மில் மாதிரி நூல் விற்பதில்லை, ஆலை மாதிரி தண்டவாளம் விற்பதில்லை. அடிப்படையில் அது விற்பது ஆட்களின் நேரம்: எத்தனை பேர், எத்தனை மணி நேரம், மணிக்கு என்ன விலை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க, பிறகு தேவைப்படும்.

அதை வளர்த்தவர் எஃப். சி. கோலி. 1924இல் பெஷாவரில் பிறந்தவர், கனடாவிலும் எம்ஐடியிலும் படித்த மின் பொறியாளர். டாடாவின் மின்சாரக் கம்பெனியில் இருந்தவரை 1969இல் இங்கே கொண்டுவந்தார்கள். 1996இல் தலைமைப் பொறுப்பை எஸ். ராமதுரையிடம் கொடுத்தார். பிறகு பேரனோடு விளையாடிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். மனிதர் எழுத்தறிவின்மையைப் பிடித்துக்கொண்டார்.

2001 கணக்கெடுப்பின்படி ஏழு வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் நூற்றுக்கு 35 பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அரசு சும்மா இருக்கவில்லை. 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. நம்ம ஊரில் அது அறிவொளி இயக்கமாக வந்தது. புதுக்கோட்டையில் 1991இல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, படிப்போடு சேர்த்துப் பெண்கள் சைக்கிளும் கற்றுக்கொண்ட கதை பலருக்குத் தெரியும். என்னைக் கேட்டால் தமிழ்நாட்டின் நல்ல காரியங்களில் அதற்கு முன்வரிசையில் இடம் உண்டு. ஆனால் அதற்கு ஊர் முழுக்கத் தொண்டர்கள் வேண்டும், வேகம் குறையாமல் இருக்கவும் வேண்டும்.

கோலி இதைப் பொறியாளர் கண்ணால் பார்த்தார். வழக்கமான முறையில் ஒரு பெரியவருக்குப் படிக்கச் சொல்லிக்கொடுக்க ஏறக்குறைய 200 மணி நேரம் ஆகும். பகல் முழுக்கக் களையெடுத்துவிட்டு வருகிற பெண் ராத்திரி ஒன்றரை மணி நேரம் உட்காருவதாக வைத்துக்கொள்ளுங்கள். 133 இரவுகள்! நடுவில் ஒரு அறுவடை, ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல் வந்தால் போச்சு. ஆக, சிக்கல் அந்தப் பெண்ணின் அக்கறையில் இல்லை. மணிக்கணக்கில் இருக்கிறது. அதைக் குறைத்தால் என்ன?

2000ஆம் ஆண்டு, அன்றைய ஆந்திராவின் மேடக் மாவட்டத்தில், தெலுங்கில் சோதனை தொடங்கியது. இயக்கத்தின் பாடப்புத்தகங்களையே எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பாடமாக மாற்றினார்கள். எழுத்துகளை வரிசையாக நெட்டுருப் போடும் வேலை கிடையாது. திரையில் முழுச் சொல் வரும், குரல் அதை உச்சரிக்கும், படம் அசையும். சொல்லை முதலில் முழு உருவமாகப் பிடித்துக்கொண்டு, பிறகுதான் எழுத்துகளாகப் பிரிப்பார்கள். தெரிந்த உருவத்திலிருந்து தெரியாததற்குப் போவது, அதாவது அப்பத்தா பஸ் நம்பரைப் பிடித்த அதே வழி! பேச்சு மொழி ஏற்கனவே வாயில் இருக்கிற பெரியவர்களுக்கு இது பொருந்தியது. சுமார் 40 மணி நேரத்தில் அன்றாடச் சொற்கள் ஐந்நூறு அறுநூறை அடையாளம் கண்டு, செய்தித்தாளை மெதுவாகப் படிக்கும் நிலைக்கு வருவதுதான் இலக்கு. அதே ஒன்றரை மணிக் கணக்கில் 27 இரவுகள். பயிற்சி பெற்ற ஆசிரியர் தேவையில்லை, வகுப்பை நடத்திக்கொடுக்க உள்ளூர் ஆள் ஒருவர் போதும். பிறகு தமிழ் உட்படப் பல மொழிகளிலும் பாடங்கள் வந்தன.

குறையும் உண்டு. வாசிப்புக்குத்தான் முதலிடம், எழுதுவது பின்னுக்குப் போனது. படித்துப் பார்த்துவிட்டு அடியில் கைநாட்டு வைப்பதை முழு எழுத்தறிவு என்று எப்படிச் சொல்வது? கோலியின் பக்கம் நின்று பார்த்தால், மருந்துச் சீட்டிலும் ரேஷன் கடைப் பலகையிலும் இருப்பதைப் படித்துவிட்டால் பாதி ஏமாற்று நின்றுவிடும். எனக்கு அந்தப் பக்கம்தான் சாய்வு.

இன்னொரு விஷயம். ஆலோசனை நிறுவனத்துக்குப் புகைபோக்கி இல்லை. அது சுற்றுச்சூழலைத் தொடுவதெல்லாம் மின்சாரம், ஏசி, விமானப் பயணம், தூக்கிப்போடும் கம்ப்யூட்டர்கள் வழியாக. இந்தப் பாடங்களோ, ஆபீசில் காலாவதியாகிப்போன பழைய இயந்திரங்களிலும் ஓடும்படி எழுதப்பட்டவை. 'நிலைத்தன்மை' என்று தனி அறிக்கை போடும் வழக்கம் பரவுவதற்கு முன்னாலேயே நடந்த மறுபயன்பாடு.

சட்டம் பிறகுதான் வந்தது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் அமலானது. நிகரச் சொத்து 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும். இல்லையென்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொல்லித் தப்பிக்கும் வழியையும் 2021இல் பெருமளவு அடைத்துவிட்டார்கள். அமலான அதே ஆண்டு ஆகஸ்டில், நாமக்கல் மாவட்டத்து மோகனூர்க்காரரான என். சந்திரசேகரன் தலைமையில் இருந்த டிசிஎஸ், பத்தாயிரம் பள்ளிகளில் மாணவிகளுக்கான கழிப்பறைகளுக்கு 100 கோடி ரூபாய் அறிவித்தது. தேவையான காரியம். கழிப்பறை இல்லாமல் பள்ளியை விட்டு நின்ற பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். அது எண்ணுவதற்கும் சுலபம்: இத்தனை பள்ளி, இத்தனை கோடி.

மணி நேரத்தை எண்ணுவதில்தான் சிக்கல். ஊழியர்களைச் சமூகப் பணியில் ஈடுபடுத்துங்கள், நல்லது என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2016 ஜனவரி விளக்கக் குறிப்பில் சொன்னது. கூடவே, அவர்கள் இலவசமாகச் செய்யும் வேலைக்கு விலை போட்டு சிஎஸ்ஆர் செலவாகக் காட்டக்கூடாது என்றும் சொன்னது. காரணம் புரிகிறது. இல்லையென்றால் மேனேஜர் அரை நாள் மரம் நட்டதற்கு லட்சக்கணக்கில் பில் எழுதியிருப்பார்கள். ஆனால் நேரத்தைத் தவிர வேறு சரக்கு இல்லாத கன்சல்டன்சி கம்பெனிக்கு இதன் அர்த்தம் வேறு. வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் செலவுப் பட்டியலில் ஏறும். வகுப்பு நடத்தியவருக்குக் கொடுத்த தொகை ஏறும். 200 மணியை 40ஆக்க ஒரு பொறியாளர் சம்பளம் வாங்காமல் உட்கார்ந்து யோசித்த சனிக்கிழமைகள் ஏறாது.

கோலி 2020 நவம்பர் 26 அன்று, 96ஆம் வயதில் காலமானார். வந்த அஞ்சலிகளில் பெரும்பாலானவை அவரை இந்திய மென்பொருள் துறையின் தந்தை என்று அழைத்தன. மேடக் கிராமத்து வகுப்பு, சொல்லப்பட்ட இடங்களில்கூட, கடைசிப் பத்திகளில்தான் இருந்தது.