அமீபோ

அமீபோ என்பது ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 2014 ஆம் ஆண்டு நவம்பர் முதல் வெளியிட்டுவரும் பொம்மை உருவங்களின் வரிசை ஆகும். நிகழ்பட ஆட்டக் கருவியின் மீது இவற்றை வைத்தால் கூடுதல் ஆடைகள், ஆயுதங்கள், துணைப் பாத்திரங்கள் முதலியன ஆட்டத்தில் கிடைக்கும். இத்தகைய பொம்மைகளை முன்னரே பரவலாக்கியது ஆக்டிவிசன் 2011 இல் வெளியிட்ட ஸ்கைலேண்டர்ஸ் ஆகும்.

செயற்படும் விதம்

உருவத்தின் அடிப்பீடத்தில் ஒரு சில்லு உள்ளது. இதற்கு மின்கலம் தேவையில்லை. படிக்கும் கருவி உண்டாக்கும் காந்தப் புலத்திலிருந்தே ஆற்றல் பெறுகின்றது. சில்லின் நினைவகம் 540 பைட்டுகள் மட்டுமே. இக்கட்டுரையின் முதற் பத்தியைக்கூட அதில் முழுமையாக எழுத இயலாது. எனவே பொம்மை "தரும்" பொருள் பொம்மைக்குள் இல்லை. ஆட்டத்திலோ அதன் இற்றைப்படுத்தலிலோ முன்பே அடங்கியுள்ளது. பொம்மை அதன் சாவி மட்டுமே.

ஒரு விதிவிலக்கு உண்டு. சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் ஆட்டத்தில் பொம்மையின் பாத்திரம் மோதி மோதிக் கற்று 50 ஆம் நிலை வரை உயரும். இப்பயிற்சி சில்லிலேயே எழுதப்படுவதால் நண்பர் வீட்டுக் கருவியிலும் தொடரும்.

விமர்சனம்

மெட்ராய்டு: சாமஸ் ரிட்டர்ன்ஸ் (2017) ஆட்டத்தின் மிகக் கடினமான ஆட்டமுறை, மெட்ராய்டு அமீபோ வைத்திருப்போருக்கு மட்டுமே திறந்தது. விலை கொடுத்து வாங்கிய ஆட்டத்தின் ஒரு பகுதியைப் பூட்டிவைப்பதா என்று பலர் கண்டித்தனர். தொடக்க ஆண்டுகளில் மார்த், வில்லேஜர் போன்ற உருவங்கள் விரைவில் தீர்ந்துபோய் மறுவிற்பனையில் பன்மடங்கு விலைக்கு விற்றதும் இக்குறையை வளர்த்தது.

போட்டி வரிசைகளான டிஸ்னி இன்ஃபினிட்டி 2016 இலும் லெகோ டைமென்ஷன்ஸ் 2017 இலும் நிறுத்தப்பட்டன. 2025 இல் வெளியான நின்டெண்டோ சுவிட்ச் 2 கருவியோ பழைய அமீபோக்களையும் படிக்கின்றது.