உள்ளூர்வாசியின் வாக்கு: 1990ஆம் ஆண்டு ஜெர்மன் தீர்ப்பை முன்வைத்து

1989 பிப்ரவரியில் மேற்கு ஜெர்மனியின் வடபகுதி மாநிலங்கள் இரண்டு தம் உள்ளாட்சித் தேர்தல் சட்டங்களைத் திருத்தின. டென்மார்க், அயர்லாந்து, நெதர்லாந்து, நார்வே, சுவீடன், சுவிட்சர்லாந்து ஆகிய ஆறு நாட்டுக் குடிமக்கள் ஐந்தாண்டு குடியிருந்தால் வாக்களிக்கலாம் என்றது ஸ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன். தம் மண்ணில் வாழும் அயல்நாட்டவருக்கு ஏதோ ஓர் அளவில் அதே உரிமையைத் தந்திருந்த நாடுகள் இவை. ஆகவே அதைக் கைம்மாறு எனலாம். ஹாம்பர்க் இன்னும் துணிந்தது. எந்த நாட்டவராயினும் எட்டாண்டு வசித்திருந்தால் நகரின் வட்டார மன்றங்களுக்கு வாக்களிக்க வழி செய்தது. இவ்விரு சட்டங்களின்படி ஒரு தேர்தல்கூட நடக்கவில்லை. 1990 அக்டோபர் 31 அன்று கார்ல்ஸ்ரூ நகரிலுள்ள கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றம் இரண்டும் செல்லாதவை எனத் தீர்ப்பளித்தது.

குடியுரிமை பெறாத குடியேறிகளுக்கு உள்ளாட்சி வாக்குரிமை வேண்டுமா என்ற விவாதத்தில் எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இந்தத் தீர்ப்பில்தான் இருக்கிறது. வெறுப்பரசியல் பேசுவோரை மறுப்பது எளிது. கார்ல்ஸ்ரூவை மறுப்பது எளிதன்று. நீதிமன்றத்தின் தருக்கம் இப்படிச் செல்கிறது: அரசதிகாரம் முழுவதும் மக்களிடமிருந்தே பிறக்கிறது என்கிறது அரசமைப்பின் 20ஆம் கூறு. அங்கே மக்கள் எனப்படுவோர் ஜெர்மன் குடியுரிமை உடையோரும், சட்டப்படி அவர்களுக்கு இணையாக வைக்கப்பட்டோரும். மாநிலம், மாவட்டம், ஊராட்சி என எல்லா அடுக்கிலும் மக்கள் பிரதிநிதிகள் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்கிறது 28ஆம் கூறு. மேலே ஒரு மக்கள், கீழே வேறொரு மக்கள் என்று இருக்க முடியாது. ஊராட்சியும் அரசதிகாரத்தைத்தான் செலுத்துகிறது. அது வெறும் சங்கம் அன்று.

இந்தக் கடைசிக் கருத்தை நான் ஏற்கிறேன். வாக்குரிமையை ஆதரிப்போர் பலர், உள்ளாட்சி என்பது குப்பை அள்ளுவதும் தெருவிளக்கு எரிப்பதும்தானே, அதில் அயல்நாட்டவர் கலந்துகொண்டால் என்ன குடி முழுகிவிடும் என்கிறார்கள். இது உள்ளாட்சியைச் சிறுமைப்படுத்தி உரிமை கேட்கும் வாதம். ஜெர்மன் ஊராட்சிகள் தொழில்வரி விகிதத்தை நிர்ணயிக்கின்றன, நிலப் பயன்பாட்டைத் தீர்மானிக்கின்றன, மழலையர் காப்பகங்களை நடத்துகின்றன. வருமான வரியில் 15 விழுக்காடு அவற்றுக்குப் போகிறது. அற்பமான அதிகாரம் என்பதற்காக அன்று, கனமான அதிகாரம் என்பதற்காகவே அதற்கு உட்பட்டோரின் ஒப்புதல் வேண்டும். ஊரில் கடை வைத்திருக்கும் துருக்கியர் தொழில்வரி கட்டுகிறார். அதன் விகிதத்தை முடிவு செய்யும் மன்றத்தைத் தேர்ந்தெடுப்பதில் அவருக்குப் பங்கில்லை.

நீதிமன்றம் இதை அறியாமல் இல்லை. ஆளப்படுவோரும் வாக்களிப்போரும் நிரந்தரமாக வேறுபட்டிருப்பது மக்களாட்சிக் கருத்துக்குப் பொருந்தாது என்பதை அது ஒப்புக்கொண்டது. ஆனால் அதற்கான தீர்வு குடியுரிமைச் சட்டத்தில்தான் இருக்கிறது, தேர்தல் சட்டத்தில் இல்லை என்றது. கோட்பாட்டளவில் நேர்மையான விடை. அன்றைய நடைமுறையோ வேறு. துருக்கியுடன் தொழிலாளர் ஒப்பந்தம் கையெழுத்தானது 1961-இல். ஆளெடுப்பு நிறுத்தப்பட்டது 1973-இல். வந்தவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள் என்றே அரசு எண்ணியது, அவர்களும் எண்ணினார்கள். போகவில்லை. குடியுரிமையோ 1913ஆம் ஆண்டுச் சட்டப்படி பெற்றோர் வழி வருவது. ஜெர்மன் மண்ணில் பிறந்த குழந்தையும் அயல்நாட்டவரே. தீர்ப்பு வந்த ஆண்டில் இயற்றப்பட்ட அயல்நாட்டவர் சட்டம், பெரியவர்கள் குடியுரிமை கோர 15 ஆண்டு வசித்திருக்க வேண்டும் என்றது. பூட்டிய வாசலைக் காட்டி ‘அந்த வழியாக வா’ என்பதில் எவ்வளவு நியாயம் இருக்க முடியுமோ, அவ்வளவு நியாயம்தான் தீர்ப்பின் அந்தப் பகுதியில் இருந்தது.

அடுத்து நடந்ததுதான் இந்த ஆய்வுக்கு முக்கியம். 1992 பிப்ரவரியில் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமக்கள் எந்த உறுப்பு நாட்டில் வாழ்ந்தாலும் அங்கே உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம் என்றது அது. ஜெர்மனி அவ்வாண்டு டிசம்பரிலேயே 28ஆம் கூறைத் திருத்தியது. இப்படியொரு திருத்தத்துக்குத் தடையில்லை என்று 1990ஆம் ஆண்டுத் தீர்ப்பே குறிப்புக் காட்டியிருந்தது. ஆக, பிரிக்க முடியாதது எனப்பட்ட ‘மக்கள்’ இரண்டே ஆண்டில் பிரிக்கப்பட்டது. ஹாம்பர்கில் சில மாதங்களுக்கு முன் குடியேறிய போர்ச்சுகீசியர் வட்டார மன்றத்துக்கு வாக்களிக்கிறார். 30 ஆண்டு கப்பல் பட்டறையில் உழைத்த துருக்கியக் குடிமகன் வாக்களிப்பதில்லை. மக்களாட்சியின் தருக்கத்தால் இதை விளக்க முடியாது, வெளியுறவுக் கொள்கையால் மட்டுமே முடியும். பிரேமன் மாநிலம் பிற நாட்டவருக்கும் உள்ளாட்சி வாக்குரிமையை விரிவாக்க முயன்றபோது, அம்மாநில அரசமைப்பு நீதிமன்றம் 2014-இல் பழைய தருக்கத்தையே சொல்லித் தடுத்தது.

நாட்டுப்பற்று இல்லாதவர் கையில் வாக்கைக் கொடுக்கலாமா என்பார்க்கு பிரிட்டனே விடை. முறையான குடிவரவு அனுமதியுடன் அங்கே வாழும் காமன்வெல்த் குடிமக்கள் நாடாளுமன்றத் தேர்தலிலேயே வாக்களிக்கலாம். மதுரையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ லண்டனுக்குப் படிக்கப் போனவர் இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுடனே அங்கு வாக்காளராகலாம். பேரரசு விட்டுப்போன எச்சம் இது. கொள்கை வகுத்துச் செய்ததன்று. ஆனாலும் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இதனால் நிலைகுலைந்துவிடவில்லை. சுவிட்சர்லாந்தின் நியூசாட்டல் மாநிலம் 1849-லேயே அயல்நாட்டவருக்கு உள்ளூர் வாக்கைத் தந்தது.

இவ்வுரிமையை ஆதரிப்போர் மழுப்பிச் செல்லும் சான்று சுவீடனில் இருக்கிறது. மூன்றாண்டு வசித்த அயல்நாட்டவர் 1976-இல் முதன்முறை அங்கே வாக்களித்தபோது ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் வந்தார்கள். 2002 வாக்கில் அது 35 விழுக்காட்டளவுக்கு இறங்கிவிட்டது. வாக்குச்சீட்டு தானாகவே ஒருவரை ஊரோடு இணைத்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இது நல்ல அடி. ஆனால் ஒப்பிட வேண்டியது எதனுடன்? வாக்குரிமைக்குப் பதிலாக ஜெர்மனி தந்தவை அயல்நாட்டவர் ஆலோசனைக் குழுக்கள். ஹெஸ்ஸன் மாநிலத்தில் 2015-இல் அக்குழுக்களுக்கு நடந்த தேர்தலில் பத்து விழுக்காட்டினர்கூட வாக்களிக்கவில்லை. முடிவெடுக்கும் அதிகாரமில்லாத குழுவுக்காக வரிசையில் நிற்க மக்களுக்குப் பொழுதில்லை. மேலும், வாக்களிப்போர் தொகை குறைகிறது என்பதற்காகக் குடிமக்களிடமிருந்து யாரும் வாக்கைப் பறிப்பதில்லை.

எல்லை எங்கே என்பதில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. நியூயார்க் நகர மன்றம் 2021 டிசம்பரில் ஏற்ற சட்டம், நிரந்தரக் குடியிருப்பு உரிமையோ வேலை அனுமதியோ உள்ளவர்கள் 30 நாள் நகரில் வசித்திருந்தாலே போதும் என்றது. மாநில அரசமைப்பு குடிமக்களையே வாக்காளராகக் கொள்கிறது என்று மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை நீக்கியது. சட்டக் காரணம் ஒருபுறமிருக்க, கொள்கையளவிலும் அச்சட்டம் பலவீனமானது. ஓரிடத்தில் தங்குவதற்கும் அவ்விடத்தின் விளைவுகளோடு கட்டுண்டு வாழ்வதற்கும் வேறுபாடு உண்டு. வாக்குக்கு அடிப்படை பின்னதுதான். ஒரு மன்றத்தின் பதவிக்காலம் முழுவதையும் அனுபவித்தவரே அடுத்த மன்றத்தை எடைபோடத் தகுதியானவர். நெதர்லாந்து 1986 முதல் கடைப்பிடிக்கும் ஐந்தாண்டு வரம்பு இதற்கு ஏறக்குறையப் பொருந்துகிறது.

2024-இல் ஜெர்மனி குடியுரிமைக்கான காத்திருப்பை ஐந்தாண்டாகக் குறைத்தது. பழைய குடியுரிமையைக் கைவிட வேண்டும் என்ற நிபந்தனையையும் நீக்கியது. நீதிமன்றம் சுட்டிய வாசல் 34 ஆண்டு கழித்து ஒருவாறு திறந்திருக்கிறது. எனினும் குடியுரிமை பெறாமல் முதுமையடைந்த முதல் தலைமுறையினருக்கு இன்னமும் ஊராட்சியில் குரல் இல்லை. 28ஆம் கூறில் ஒரே ஒரு தொடரைச் சேர்க்க இரு அவைகளிலும் மூன்றில் இரு பங்கு ஆதரவு வேண்டும். போர்ச்சுகீசியருக்காக 1992-இல் அது கிடைத்தது. துருக்கியருக்காக இதுவரை கிடைக்கவில்லை.