கடலூர்க் கும்பினி ஆவணங்களில் மூன்று ஆங்கிலச் சொற்கள்: பொருளும் வழக்கும்

முன்னுரை

கடலூர்ப் பகுதியின் 17, 18ஆம் நூற்றாண்டு வரலாற்றை ஆராய்வோர்க்குக் கிழக்கிந்தியக் கும்பினியின் ஆங்கில ஆவணங்கள் முதன்மைச் சான்றுகளாகும். அவற்றில் வரும் அரிய சொற்களுக்கு ஆய்வாளர் அகராதியை நாடுவர். பள்ளியிலேயே கற்ற எளிய சொற்களுக்கு நாடுவதில்லை. பிழை நேரும் இடம் அதுவே. ‘ரேண்டம்’, ‘ஃபேக்டரி’, ‘ரைட்டர்’ ஆகிய மூன்று சொற்களைக் கொண்டு இதனை இக்கட்டுரை விளக்குகிறது.

ரேண்டம்

1690இல் செஞ்சியிலிருந்த மராத்தியரிடமிருந்து தேவனாம்பட்டினக் கோட்டையைக் கும்பினி விலைக்கு வாங்கிப் புனித டேவிட் கோட்டை எனப் பெயரிட்டது. கோட்டையுடன், அங்கிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு எட்டும் எல்லை வரையிலான நிலமும் அதற்கு உரியதாயிற்று. அவ்வெல்லையைச் சுட்டும் தொடரில் ‘ரேண்டம்’ என்னும் சொல் வருகிறது. இன்று ஆங்கிலம் கற்போர் இதற்கு ‘ஒழுங்கற்ற’, ‘குறியின்றி’ என்றே பொருள் கொள்வர். அப்பொருளை இங்கு ஏற்றினால், கும்பினியார் மனம்போன போக்கில் சுட்டு நிலத்தை வளைத்தனர் என்றாகிவிடும். அக்காலப் பீரங்கிக் கலையில் இச்சொல், குழாயை உயர்த்திச் சுடும்போது குண்டு எட்டும் மிகுதொலைவைக் குறித்தது. ஆகவே இத்தொடர் கும்பினிக்கு இயன்ற அளவு மிகுதியான நிலத்தை உறுதிசெய்த எல்லை வரையறையாகும். இவ்வெல்லைக்குள் அடங்கிய ஊர்கள் ‘குண்டு கிராமங்கள்’ எனப்பட்டன.

ஃபேக்டரி

சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டையில் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் அமைத்த ‘ஃபேக்டரி’ பொருள் உற்பத்தி செய்த ஆலையன்று. ‘ஃபேக்டர்’ எனப்பட்ட வணிக முகவர் தங்கித் துணி முதலிய சரக்குகளைக் கொள்முதல் செய்து சேமித்த பண்டகசாலை அது. அதே ஊரில் 19ஆம் நூற்றாண்டில் ஹீத் என்பார் இரும்பாலை நிறுவினார். ஓர் ஊரில் இருவேறு காலங்களில் இருந்த இவ்விரண்டையும் ‘தொழிற்சாலை’ என்றே மொழிபெயர்த்தால், அப்பகுதித் தொழில்வளர்ச்சியின் தொடக்கம் ஒன்றரை நூற்றாண்டு முன்னே தள்ளப்பட்டுவிடும்.

ரைட்டர்

1744இல் சென்னைக்கு வந்த ராபர்ட் கிளைவ் கும்பினியின் ‘ரைட்டர்’ ஆவார். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபின் அவர் புனித டேவிட் கோட்டையை அடைந்தார். இங்கு ‘ரைட்டர்’ என்பது நூலாசிரியரைக் குறிக்காது. கும்பினிப் பணியின் கடைநிலை எழுத்தரையே குறிக்கும். ஃபேக்டர், இளநிலை வணிகர், முதுநிலை வணிகர் ஆகியன அடுத்தடுத்த படிகள். நம் காவல் நிலையங்களில் எழுத்துப்பணி பார்ப்பவரை ‘ரைட்டர்’ என அழைக்கும் வழக்கில் இப்பழம்பொருள் இன்றும் வாழ்கிறது.

முடிவுரை

இம்மூன்று சொற்களும் தொடக்கநிலைச் சொற்பட்டியல்களில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்ற அளவிலேயே கற்பிக்கப்படுவன. வரலாற்று மாணவர்க்கு இது போதாது. பொருளுடன் காலமும் துறையும் சுட்டும் சொல்லடைவு அவர்க்குத் தேவை. யூல், பர்னெல் ஆகியோர் 1886இல் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் என்னும் சொற்களஞ்சியம் இதற்குத் துணைபுரியும். ஆவணத்தில் ஒரு சொல்லின் அருகே பீரங்கி நிற்கிறதா, சரக்கு நிற்கிறதா, பதவி நிற்கிறதா என நோக்கிய பின்னரே அதனைத் தமிழாக்க வேண்டும்.