கொம்பு முளைத்த எழுத்துக்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்ச் 4ஆம் தேதி, தேசியப் பாதுகாப்பு தினத்தன்று, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். அங்கே பாதுகாப்பு அதிகாரியாக இருந்த நண்பர் அழைத்திருந்தார். தலைமை வகிப்பது என் வேலை. பேசுவது அவர் வேலை. காற்றைச் சோதிக்காமல் தொட்டிக்குள் இறங்கக் கூடாது என்பதுதான் பேச்சின் சாரம். அதற்காக இருபது படங்களைப் பவர்பாயிண்டில் வீட்டிலேயே தயாரித்து, பென் டிரைவில் போட்டுச் சட்டைப் பையில் பத்திரமாகக் கொண்டு வந்திருந்தார்.

முதல் படம் திரையில் விழுந்ததும் சபையில் சிரிப்பு எழுந்தது. தமிழைக் காணோம்! தலையில் கொம்பும் காலில் வாலும் வைத்த ஐரோப்பிய எழுத்துக்கள் வரிவரியாக நின்றன. 'அபாயம்' எந்த வரியில் இருக்கிறது என்று எழுதியவருக்கே தெரியவில்லை. அவர் எழுதிய ஃபாண்ட் வீட்டில் இருந்தது. தொழிற்சாலைக் கம்ப்யூட்டரில் இல்லை. அவ்வளவுதான் சங்கதி.

பழைய நாளில் ஸ்லைடு என்றால் இரண்டங்குலச் சதுரச் சட்டத்தில் ஒரு துண்டு 35 மில்லிமீட்டர் ஃபிலிம். எந்த ஊர்ப் புரொஜெக்டரிலும் அது நுழையும். மாற்றிச் செருகினால் படத்தில் இருப்பவர் தலைகீழாக நிற்பாரே தவிர, வேறு ஆளாகிவிட மாட்டார். 1987இல் ஃபோர்தாட் என்ற அமெரிக்கக் கம்பெனி மாக்கின்டாஷுக்காகப் பவர்பாயிண்டை வெளியிட்டது. அதே ஆண்டில் மைக்ரோசாப்ட் அந்தக் கம்பெனியை 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு வாங்கிக் கொண்டது. அதன் பிறகு ஸ்லைடு என்பது படமல்ல. 'இந்த எண்ணுக்குரிய எழுத்தை இந்த ஃபாண்டிலிருந்து எடுத்துப் போடு' என்ற உத்தரவுச் சீட்டு. ஃபாண்ட் இல்லாத ஊரில் சீட்டுக்கு வேறு அர்த்தம்.

தமிழுக்கு நேர்ந்த சோதனை இன்னும் பெரிது. ஒரு பைட்டில் 256 இடங்கள். முதல் 128இல் இங்கிலீஷ் குடியேறிவிட்டது. மிச்ச இடத்தில் தமிழை அடைக்க ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி செய்தார்கள். ஒருவர் 'அ' வைத்த இடத்தில் மற்றவர் வேறொன்றை வைத்தார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரிய கம்பெனிகள் தமிழை எட்டிப் பாராத காலத்தில் அதைத் திரையில் ஏற்றியவர்கள் அவர்கள்தாமே?

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணையம் மாநாடு கூடியது. ஒரே தரம் வேண்டும் என்று கூடியவர்கள் டாம், டாப் என்று இரண்டைப் பெற்றெடுத்தார்கள்! இணையத்தில் புழங்கிய தமிழர்கள் வகுத்த டிஸ்கி வேறு தனியாக இருந்தது. 1991இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கென்று தனி இடம் ஒதுக்கியிருந்தும், கோவைச் செம்மொழி மாநாடு நடந்த 2010 ஜூனில்தான் தமிழ்நாடு அரசு அதைத் தரமாக ஏற்றது. இடையில் 19 ஆண்டுகள்.

யூனிகோடில் எழுதினாலும் ஃபாண்ட் மாறினால் எழுத்து அகலம் மாறும். கடைசி வரி படத்தைவிட்டு வெளியே தொங்கும். ஃபாண்டையும் கோப்புக்குள்ளேயே சேர்த்து வைப்பது ஒரு வழி. நண்பர் இப்போது கூடவே பிடிஎஃப் பிரதி ஒன்றும் எடுத்து வைத்துக் கொள்கிறார்.

அன்று அவர் சாக்பீஸ் கேட்டு வாங்கி, கரும்பலகையில் பெரிதாக எழுதினார். சிரிப்பு அடங்கிற்று. பின்வரிசையில் ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைகள் சிலர் பலகையையே பார்த்துக் கொண்டிருந்தார்கள். மேஸ்திரி ஒருவர் எழுந்து போய், அவர்கள் நடுவில் உட்கார்ந்து, இந்தியில் சொல்ல ஆரம்பித்தார்.